படக்கதை வழியே பகிரப் பழக்குவது

இரண்டு வயதுக் குழந்தையிடம் 'பொம்மையைத் தம்பிக்குக் கொடு' என்றால் கொடுக்காது. கொடுத்தால் திரும்பி வரும் என்று அதற்கு இன்னும் தெரியாது. அதனால் முதலில் பழக்க வேண்டியது 'உன் முறை, என் முறை'. அதற்குப் படக்கதைப் புத்தகம் நல்ல துணை.

வாசிக்கும்போது எழுத்தை விட்டுவிட்டுப் படத்தில் நில்லுங்கள். ஊஞ்சல் கிடைக்காமல் நிற்கும் பிள்ளையின் முகத்தைக் காட்டி, "இந்தப் பாப்பா ஏன் உம்முனு இருக்கு? இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும். "அவளும் ஆடட்டும்" என்று உங்கள் குழந்தையே சொன்னால் பாதி வேலை முடிந்தது. "பாத்தியா, நீயும் இப்படித்தான் இருக்கணும்" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அடுத்த தடவை புத்தகத்தை எடுத்தாலே ஓடிவிடும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு பக்கம் இவள் புரட்டட்டும், அடுத்த பக்கம் அவன். கதையைவிட இதுதான் சீக்கிரம் ஒட்டுகிறது.

சண்டை நடந்த சூட்டோடு வாசிக்க வேண்டாம், தூங்கப் போகும் நேரம் தோது. புத்தகம் வாங்க வசதியில்லையா? பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.