சொட்டு மருந்துக்கு நடுவே கிறுக்குவது எப்படி?

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியதும் கறுப்புக் கண்ணாடி, துணைக்கு ஆள் என்று எல்லாம் தயார் செய்வோம். அத்தோடு ஒரு பலகையும் தயார் செய்யுங்கள், கண்ணை மூடிக்கொண்டே படம் போட. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதிப் பிழைத்தவன் நான். நூல் பிடித்துக் கோடு போட்டே பழகிய கை. வலது கண் முடிந்தது, இடது பாக்கி. ஓய்வில் இருந்தபோது அந்தக் கையை அவிழ்த்துவிட்ட விதத்தைச் சொல்கிறேன்.

முதலில், எதெல்லாம் வேண்டாம். சாக்பீஸ், கரி, கோலமாவு மூன்றும் தூள் பறக்கும். எனாமல், தின்னர் நெடிக்குக் கண் எரியும். கை தானாகத் தேய்க்கப் போகும். தேய்க்கவே கூடாது. வில்லியனூர் சுடுமண் வேலையைப் பார்த்துக் களிமண் பிசைய ஆசை வரலாம். மண் கை கண்ணுக்குப் போனால் வம்பு, கண் ஆறும்வரை தள்ளிப் போடுங்கள். தரையில் குனிந்து போடுவதும் கூடாது.

மிச்சம் ஆயில் பேஸ்டல், அதாவது எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக் குச்சி. சுற்றியிருக்கும் தாளை உரிக்காதீர்கள், விரலில் ஒட்டாமல் இருக்கும். நீலத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், சிவப்புக்கு இரண்டு, கறுப்புக்கு ஒன்றுமில்லை. மூன்று நிறம் போதும். தடவினாலே எது எதென்று தெரியும். தாள், புதுச்சேரி ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம். சொரசொரப்பாக இருப்பதால் கோடு எங்கே ஓடுகிறது என்று கைக்குக் கேட்கும். கிடைக்காவிட்டால் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். தாளைப் பலகையில் வைத்து நான்கு ஓரமும் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். அந்த மேடுதான் வரப்பு. மேசையில் செங்கல்லை முட்டுக் கொடுத்துப் பலகையைச் சாய்த்தால் கழுத்து குனியாது. ஆபரேஷனுக்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு பழகிவிடுங்கள்.

இனி நேரம். இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும்; உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மருந்து விட்டதும் எப்படியும் கண்ணை மூடி உட்காரத்தான் போகிறோம். அந்த இடைவெளிதான் படத்துக்கு. எனக்கு மருந்து விடுவது வீட்டம்மா. நீங்களே விடுவதென்றால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு.

என்ன வரைவது என்று யோசிக்கவே கூடாது. யோசித்தால் நான் எழுத்துதான் எழுதுவேன். காதில் விழுவதை வரையுங்கள். படகு இன்ஜின் டக்டக்கென்றால் குத்துக்கோடு, மீன் ஏலக்குரல் ஏறினால் வளைவு, காக்கை கத்தினால் ஒரு இழுப்பு. போர்டு எழுதும்போது சுண்டு விரலை ஊன்றி எழுதுவோம், இங்கே ஊன்றாதீர்கள். தோளிலிருந்து கை வரட்டும். இரண்டாம் மருந்துக்குக் கூப்பிட்டதும் நிறுத்திவிடுங்கள், பாதியில் இருந்தாலும். பின்பக்கம் தேதி போதும். திருத்தம் கிடையாது. என் பேத்தி அதில் சுறா இருக்கிறது என்கிறாள், இருக்கட்டும்.

வலி கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ பேஸ்டலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஒரு கண் முடிந்து மறு கண்ணில் புரை இருக்கும் காலத்துக்கென்றே ஒரு வேலை உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வயதான லென்ஸ் மஞ்சளித்து நீலத்தை மறைக்கும். அதை எடுத்துப் புது லென்ஸ் வைத்ததும் வெள்ளைச் சுவர்கூட நீலம் பூத்துத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1923இல் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு நிறங்களோடு மல்லாடினார். எனக்கும் வலதுதான், மல்லாட்டம் கொஞ்சம் குறைவு. ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை எதிரில் வையுங்கள். பார்த்த கண்ணாலேயே பேஸ்டலைப் பொறுக்கினால் இரண்டு கண்ணுக்கும் ஒரே நிறம்தான் வரும், ஏமாந்துபோகாதீர்கள். பழைய கண்ணால் வாளியைப் பாருங்கள். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு, கண்ட நிறத்தைப் புதுக் கண்ணால் பெட்டியில் தேடிப் பூசுங்கள். பக்கத்தில், புதுக் கண் பார்க்கும் வாளி. இதற்கு மட்டும் பன்னிரண்டு நிறப் பெட்டி வேண்டும். இரண்டாவது கண்ணுக்குப் போகுமுன் செய்துவிடுங்கள். அப்புறம் ஒப்பிடப் பழைய கண் கிடைக்காது.