ஆப்பிள்–சாம்சங் வழக்கை வைத்து போன் திரையை எடைபோடாதீர்கள்

ஐபோனின் தோற்றத்தையும் சில அம்சங்களையும் காப்பியடித்ததாக ஆப்பிள் போட்ட வழக்கில், 2012 ஆகஸ்டில் சாம்சங்குக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆப்பிளுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று கலிஃபோர்னியா ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு) சொன்னதும் ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றியது. சாம்சங் அந்தப் பணத்தை ஐந்து சென்ட் நாணயங்களாக மாற்றி, 30 லாரிகளில் ஏற்றி ஆப்பிள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாம். படித்தவர்கள் ரசித்தார்கள், பகிர்ந்தார்கள். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த நாணயம் ஒன்றின் எடை 5 கிராம். நூறு கோடி டாலருக்கு 2,000 கோடி நாணயங்கள் வேண்டும், அதாவது ஒரு லட்சம் டன். லாரி ஒன்றுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும்! அதைவிட முக்கியம், அன்றைக்கு சாம்சங் ஒரு சென்ட் கூடக் கட்டவேண்டிய கட்டத்துக்கே வழக்கு வந்திருக்கவில்லை.

போன் கம்பெனிகளின் சண்டையைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஏதோ ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து வேறொரு கேள்விக்கு ஒட்டவைத்துவிடுகிறோம்.

ஜூரி சொன்னதோடு கதை முடிந்தது என்று நினைப்பது

2012 தீர்ப்புத் தொகை சுமார் 105 கோடி டாலர். அடுத்த மார்ச்சிலேயே வழக்கை விசாரித்த நீதிபதி லூசி கோ அதில் ஏறக்குறைய 45 கோடியை ஒதுக்கிவைத்து, அந்தப் பகுதியை மறுபடி கணக்கிடச் சொன்னார். நவம்பரில் இன்னொரு ஜூரி அதற்கு 29 கோடி போட்டது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு பெரிய பகுதியைத் தள்ளுபடி செய்ய, மிஞ்சிய 54.8 கோடியைக் கட்டுவதாக அந்த டிசம்பரில் சாம்சங் ஒப்புக்கொண்டது. கட்டிவிட்டு, கையோடு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

அங்கே போன கேள்விதான் இந்த வழக்கிலேயே சுவாரசியமானது. அமெரிக்கச் சட்டப்படி, வடிவமைப்புக் காப்புரிமையை (டிசைன் பேட்டன்ட்) மீறினால் அந்தப் ‘பொருளில்’ கிடைத்த மொத்த லாபத்தையும் கொடுக்க வேண்டும். சரி, பொருள் எது? முழு போனா, வட்டமான மூலைகள் கொண்ட முன்பக்கம் மட்டுமா? அது ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று 2016 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். சாம்சங்குக்குப் பெரிய வெற்றி என்று செய்திகள் வந்தன. வழக்கு கீழே திரும்பிப் போனது. 2018 மே மாதம் புது ஜூரி போட்ட தொகை 53.9 கோடி! ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஜூனில் இரண்டு கம்பெனிகளும் சமரசமாகிவிட்டன. எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை. ஆக, ‘சாம்சங் இவ்வளவு கொடுத்தது’ என்று யாராவது ஒரே ஒரு எண்ணைச் சொன்னால், எந்த வருடத்து எண் என்று கேளுங்கள்.

ஜெயித்தவர் போன்தான் நல்ல போன் என்று முடிவு கட்டுவது

அந்த வழக்கில் இருந்தவை முன்பக்கத் தோற்றம், ஐகான்களை வரிசையாக அடுக்கிய விதம், பட்டியலின் முடிவுக்கு வந்ததும் திரை துள்ளித் திரும்புவது, இரண்டு தடவை தட்டினால் படம் பெரிதாவது போன்ற விஷயங்கள். திரையின் நிறம் சரியா, வெயிலில் தெரியுமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

பிரிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2012 ஜூலையில் நீதிபதி காலின் பிர்ஸ், சாம்சங்கின் கேலக்ஸி டேப் டேப்லெட்கள் ஆப்பிளின் பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பை மீறவில்லை என்று தீர்ப்பளித்தார். அவர் எழுதிய காரணங்களில் ஒன்று, அவை ஆப்பிள் வடிவமைப்பு அளவுக்கு ‘கூல்’ ஆக இல்லை என்பது. சாம்சங் ஜெயித்துவிட்டது. ஆனால் அந்தப் பாராட்டை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள முடியுமா?

போட்டி என்றால் பகை என்று எடுத்துக்கொள்வது

2012இல் இரு தரப்பு வழக்கறிஞர்களும் மோதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஐபோனின் பிராசசர் சிப்பை ஆப்பிளுக்குத் தயாரித்துக் கொடுத்தது சாம்சங்தான். 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையுடன் வந்த முதல் ஐபோன். அந்தத் திரைப் பலகையும் (பேனல்) சாம்சங் டிஸ்ப்ளேயிலிருந்து வந்தது.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘அப்படியென்றால் இரண்டு திரையும் ஒன்றுதான்’ என்கிறார்கள். அதுவும் தவறு. பேனல் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகளை வாங்குபவர் கொடுக்கிறார். நிறத்தைச் சீரமைப்பது, வெளிச்சத்தை எப்போது கூட்டுவது குறைப்பது, மென்பொருள் எல்லாம் போன் கம்பெனியின் வேலை. ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த பேனல்கள் இரண்டு போன்களில் இரண்டு விதமாகத் தெரியலாம்.

எல்லாக் காப்புரிமையும் ஒரே மாதிரி என்று நினைப்பது

துள்ளும் திரைக்கான காப்புரிமையை எவருக்கும் தராமல் வைத்துக்கொள்ளலாம். போன் நெட்வொர்க்கோடு பேசுவதற்காக எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும் பொதுத் தரநிலையில் சேர்ந்துவிட்ட காப்புரிமை அப்படியில்லை. அது இல்லாமல் எவராலும் போன் செய்ய முடியாது என்பதால், நியாயமான கட்டணத்துக்கு எல்லாருக்கும் உரிமம் தருவதாக அதன் உரிமையாளர் வாக்குக் கொடுத்திருப்பார். 2013 ஜூனில் சாம்சங்கின் அப்படியொரு காப்புரிமையை வைத்து, சில பழைய ஐபோன், ஐபேட் மாடல்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்ய அங்குள்ள வர்த்தக ஆணையம் தடை போட்டது. ஆகஸ்டில் ஒபாமா அரசு அந்தத் தடையையே ரத்து செய்தது. ‘சொந்த நாட்டுக் கம்பெனி என்பதால் காப்பாற்றினார்கள்’ என்று பலர் சொன்னார்கள். அந்தச் சந்தேகத்தை முழுதாக ஒதுக்க முடியாதுதான். ஆனால் அரசு எழுத்தில் சொன்ன காரணம் இந்தத் தரநிலைச் சிக்கலைச் சுற்றியே இருந்தது.

பிக்சலை எண்ணிவிட்டால் திரை புரிந்துவிட்டது என்று நம்புவது

நீதிமன்றம் சொல்லாத பதிலை அடுத்து விவரப் பட்டியலில் தேடுகிறோம். அங்கேயும் வழுக்கும்.

2012இல் வந்த இரண்டு போன்களை எடுத்துக்கொள்வோம். ஐபோன் 5இன் திரை 1136 × 640 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள். கேலக்ஸி எஸ்3 திரை 1280 × 720. பிக்சல் கணக்கில் எஸ்3தான் முன்னால்: 9.2 லட்சத்துக்கு எதிராக 7.3 லட்சம். ஆனால் ஐபோனின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள் உண்டு. எஸ்3இல் இருந்த பென்டைல் அமைப்பில் பிக்சலுக்கு இரண்டுதான். பக்கத்துப் பிக்சல்கள் சிவப்பையும் நீலத்தையும் பகிர்ந்துகொள்ளும். பெருக்கிப் பாருங்கள். ஐபோனில் சுமார் 21.8 லட்சம் ஒளிப்புள்ளிகள், எஸ்3இல் 18.4 லட்சம். அதுவும் 4 அங்குலத்துக்கு எதிராக 4.8 அங்குலத்தில் பரவியவை. வெள்ளைப் பின்னணியில் சின்ன எழுத்துகளின் ஓரம் சற்றுப் பிசிறடிப்பதாக அன்று சிலர் சொன்னது வெறும் ரசிகர் சண்டை இல்லை.

அதற்காக ‘பென்டைல் மட்டம்’ என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். ஐபோன் எக்ஸ் திரையும் அதே வகைத் துணைப் பிக்சல் பகிர்வுதான். அங்குலத்துக்கு 458 பிக்சல் என்னும்போது கண் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எஸ்3இல் கருப்பு உண்மையான கருப்பாக இருந்ததையும் மறக்கக் கூடாது. எஸ்3இல் இருந்த ஓஎல்இடியில் கருப்பு காட்ட வேண்டிய பிக்சல் அணைந்தே போகிறது, ஐபோன் 5இல் இருந்த எல்சிடியில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

நிட்ஸ் எண்ணில் ஏமாறுவது

நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. ஐபோன் 14 ப்ரோவுக்கு ஆப்பிளே மூன்று எண்கள் தருகிறது: வழக்கமான உச்சம் 1000 நிட்ஸ், எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வேறுபாட்டோடு தெரியும்) காட்சிகளில் 1600, வெளி வெயிலில் 2000. மூன்றும் உண்மை. வேறொரு கம்பெனி தன் பெரிய எண்ணை மட்டும் பெட்டியில் அச்சடித்தால் அதுவும் பொய்யில்லை, ஆனால் அது திரையின் ஒரு சின்னப் பகுதி மட்டும் சில நொடிகள் எட்டிய அளவாக இருக்கலாம். முழுத் திரையும் அப்படி எரிந்தால் சூடு தாங்காது, பேட்டரியும் தாங்காது. வீட்டுக்குள் பிரைட்னஸைக் கையால் முழுக்க ஏற்றினாலும் அந்த எண் வராது. ஆட்டோ பிரைட்னஸ் போட்டு வெயிலுக்குப் போனால்தான் வரும். ஒப்பிடுவதானால் முழு வெள்ளைத் திரையில் எவ்வளவு என்பதைத் தேடி ஒப்பிடுங்கள்.

120 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கப்படுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்க்ரோல் செய்யும்போது தெரியும், நிலையான படத்தில் தெரியாது.

விவரப் பட்டியலில் பெரும்பாலும் இல்லாத ஒன்று, வெளிச்சத்தைக் குறைக்கும் விதம். பல ஓஎல்இடி திரைகள் குறைந்த பிரைட்னஸுக்காக நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிகின்றன. பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குக் கண் வலியும் தலைவலியும் வரும். பிரைட்னஸைக் குறைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இன்னொரு போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/1000 அளவுக்கு ஏற்றி அந்தத் திரையைப் பாருங்கள். அகலமான கருப்புப் பட்டைகள் நகர்ந்தால், இரவில் இருட்டில் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த போனைக் கொஞ்ச நேரம் குறைந்த வெளிச்சத்தில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.