400 பேர் கேட்டாலும் காசு வரும்: ஒரு திருப்பூர் பாட்காஸ்ட் கணக்கு

பாட்காஸ்ட் என்றால் நெட்டில் ஏற்றி வைத்து, வேண்டும்போது போனில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சி. என் பாட்காஸ்டை ஒரு எபிசோடுக்கு 400 பேர்தான் கேட்கிறார்கள். யூடியூபில் லட்சக்கணக்கில் பார்த்துப் பழகியவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன வருடம் ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கிய காசு அந்த 400 பேரால் வந்ததுதான்.

திருப்பூரில் எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கிறேன். நூல் விலை, பீஸ் ரேட், மெஷின் கோளாறு, வராத பில்லை வசூலிப்பது எப்படி, இதெல்லாம்தான் என் எபிசோடுகள். தைக்கிறவருக்குக் கண்ணும் கையும் வேலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். பாட்காஸ்டுக்கு இடம் அங்கேதான். உங்கள் ஊரில் அப்படிக் காது சும்மா இருக்கிறவர் யார் என்று முதலில் யோசியுங்கள்: லாரி ஓட்டுகிறவரா, பால் ஊற்றப் போகிறவரா? விஷயத்தை அவரை வைத்து முடிவு செய்யுங்கள்.

பாட்காஸ்ட் என்ற சொல்லே 2004இல் கார்டியன் பத்திரிகையில்தான் முதலில் வந்தது. அடுத்த வருடம் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடம் கொடுத்தது. நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது பாட்காஸ்டை ஏற்றி வைக்கும் ஆங்கர் மாதிரியான இலவசச் சேவைகளால். ஆங்கரை 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது, இப்போது ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் என்று பெயர். ஆடியோவை அங்கே ஏற்றினால் ஒரு ஆர்எஸ்எஸ் முகவரி கிடைக்கும், புது எபிசோடு வந்ததை மற்ற செயலிகளுக்குத் தெரிவிக்கும் இணைய முகவரி அது. அதை ஆப்பிளின் பாட்காஸ்ட் செயலியில் ஒரு முறை பதிந்துவிட்டால் புது எபிசோடு தானாகவே அங்கும் போய்விடும்.

பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம். என் முதல் எபிசோடை நிட்டிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாழாக்கினேன். இரண்டாவதற்கு வீட்டு ஹால், கிணற்றுக்குள் பேசின மாதிரி எதிரொலி. அப்புறம் ஒரு நாள் துணி குடோனில் ரோல்களுக்கு நடுவே நின்று போன் பேசும்போதுதான் கவனித்தேன், குரல் அப்படியே அடங்கி நெருக்கமாக ஒலித்தது. இன்றுவரை அங்கேதான் பதிவு. உங்களிடம் குடோன் இல்லையா, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்காருங்கள். முதல் பத்து எபிசோடு போன் இயர்போனிலேயே போகட்டும். மைக் வாங்கும்போது டைனமிக் வகை வாங்குங்கள், அது சுற்றுச் சத்தத்தைக் குறைவாக இழுக்கும். வாயிலிருந்து நாலு விரல் தூரம் போதும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் இலவசம். அதில் லவுட்னெஸ், அதாவது மொத்தச் சத்த அளவை மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ்ஸில் (சத்தத்தை அளக்கும் அலகு) வையுங்கள், ஆப்பிள் சொல்லும் அளவு அதுதான். சினிமாப் பாட்டை மட்டும் பின்னணியில் போட்டுவிடாதீர்கள், காப்புரிமைச் சிக்கல் வரும்.

சரி, காசு. விளம்பரக் கம்பெனிகள் ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்று கணக்கிடும். ஆயிரத்துக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் என் 400 பேருக்கு 80 ரூபாய். டீச் செலவுக்குக்கூடக் காணாது. யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர வேண்டும். வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. ஏற்றி வையுங்கள், அதை நம்பி உட்காராதீர்கள்.

நான் போனது ஊசி, ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடைக்கு.

"எத்தனை பேரு கேக்கறாங்க தம்பி?"

"நானூறு பேருங்கண்ணா."

"அவ்வளவுதானா?"

"அதுல முந்நூறு பேரு சொந்தமா மெஷின் வச்சிருக்கறவங்க."

அண்ணன் கால்குலேட்டரைக் கீழே வைத்தார்.

அந்த முந்நூறு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு எபிசோடு முடிவிலும், உங்களிடம் என்ன மெஷின், எத்தனை என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொல்வேன். வந்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். செயலி காட்டும் எண்ணைவிட அந்த நோட்டுதான் விலை போனது. இன்னார் கேட்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் எண்ணிக்கை சின்னதாக இருப்பது பெரிய குறையில்லை.

ஒரு மாதம் சோதனை. "பாட்காஸ்ட்ல கேட்டேன்னு சொன்னா பாக்கெட்டுக்கு அஞ்சு ரூபா குறைவு" என்று என் குரலில் சொன்னேன். கல்லாவில் ஒரு அட்டையில் கோடு போட்டு எண்ணினார்கள். மாதக் கடைசியில் 61 கோடு. அடுத்த மாதத்திலிருந்து எபிசோடுக்கு 1,500 ரூபாய், மாதம் நாலு எபிசோடு. நான் வாங்கிப் பார்க்காத பொருளுக்குக் குரல் கொடுப்பதில்லை. காசு வாங்கிச் சொல்வதை விளம்பரம் என்றும் சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல்படி ஆடியோவில் அது தொடக்கத்திலும் முடிவிலும் காதில் விழ வேண்டும்.

ஒரு விளம்பரதாரர் நாலு மாதம் இழுத்தடித்தார். திருப்பூர்க்காரனுக்கே கடன் பாக்கி! அதன்பிறகு பாதித் தொகை முன்பணம், மீதி எபிசோடு வெளியான வாரத்துக்குள், எல்லாம் பில்லோடு. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சம் தாண்டாதவரை என்னைப் போல் சேவை மட்டும் செய்கிறவருக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. ஆனால் வருமான வரிக்கணக்கில் இந்தக் காசையும் காட்ட வேண்டும்.

சந்தாவும் கேட்டுப் பார்த்தேன். கியூஆர் கோட் போட்டு மாதம் 50 ரூபாய் என்றேன், ஒன்பது பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் என் மச்சான்கள்.

எதிர்பாராத வரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. என் எபிசோடைக் கேட்ட ஒரு கார்மெண்ட்ஸ் முதலாளி, புதிதாகச் சேரும் ஆட்களுக்குப் பாதுகாப்பு விதிகளை ஆடியோவாகப் பதிந்து தரச் சொன்னார். தமிழுக்கு நான், இந்திக்குப் பீகாரிலிருந்து வந்து எங்களிடம் தைக்கும் ஒரு பையன். எட்டு நிமிடம், குடோனில் இரண்டு ராத்திரி வேலை. ஊசிக்கடை இரண்டு மாதத்தில் தருவதை அந்த ஒரு பில்லில் வாங்கினேன். பையனுக்கு மூன்றில் ஒரு பங்கு. இப்போது ஒடியாவிலும் கேட்கிறார்கள், அதற்குக் குரல் தேடிக்கொண்டிருக்கிறேன்.