கேட்ட வண்ணம் கிடைக்காதபோது: மினியேச்சர் தீட்டத் தொடங்குவோர் மாற்று பெயிண்ட் கண்டுபிடிக்கும் முறை

பழைய செய்முறைக் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, மினியேச்சர் எனப்படும் விரலளவு உருவங்களில் ஒன்றான எலும்புக்கூட்டு வீரனைத் தீட்ட உட்காருகிறீர்கள். குறிப்பில் ‘பிளீச்ட் போன்’ என்று இருக்கிறது. கடையில் அந்தப் பெயரில் புட்டியே இல்லை. இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 2012இல் தன் சிட்டடெல் பெயிண்ட் வரிசையை அடியோடு மாற்றியபோது பழைய பெயர்கள் போய்விட்டன. பிளீச்ட் போன் இருந்த இடத்துக்கு உஷாப்தி போன் வந்தது. ஏறத்தாழ அதே நிறத்தை ஸ்பெயினின் வயேஹோ நிறுவனம் கேம் கலர் வரிசையில் போன் ஒயிட் என்றும், டென்மார்க்கின் ஆர்மி பெயின்ட்டர் ஸ்கெலிட்டன் போன் என்றும் விற்கின்றன. எல்லாம் எலும்பு நிறம்தான், ஆனால் எதுவும் இன்னொன்றின் நகல் அன்று. இந்த ஒரு நிறத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, சரியான மாற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: அந்த பெயிண்ட் செய்யும் வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பார்க்க வேண்டும். சிட்டடெலில் ‘பேஸ்’ வகை அடியில் உள்ளதை ஓரிரு பூச்சிலேயே மறைக்கும். ‘லேயர்’ வகை சற்று மெல்லியது. ‘ஷேட்’ பள்ளங்களில் ஓடித் தங்குவதற்காகவே செய்யப்படுவது. குறிப்பில் ஷேட் என்று இருக்கும் இடத்தில் அதே நிறமுள்ள கெட்டியான பெயிண்டை நீர் ஊற்றிப் பூசினால், அது பள்ளத்துக்குப் போகாமல் மேட்டில் திட்டுத்திட்டாகக் கறையாய் நின்றுவிடும். ஆகவே அடிப்பூச்சுக்கு அடிப்பூச்சு, ஷேடுக்கு வாஷ் (பிற நிறுவனங்களில் ஷேடின் பெயர்) என்று வகையோடு வகை சேர்த்தே தேடுங்கள்.

படி 2: இரண்டு மூன்று பெயிண்டுகளாகச் சுருக்குங்கள்

நிறுவனங்களுக்கிடையிலான ஒப்புமை அட்டவணைகள் நிறைய உண்டு. அவை தேட வேண்டிய திசையைக் காட்டும். முடிவை நம் கண்தான் சொல்ல வேண்டும். வயேஹோவில் பெயரோடு எண்ணையும் எழுதிக்கொள்வது அவசியம்: 70 என்று தொடங்குவது மாடல் கலர், 72 என்று தொடங்குவது கேம் கலர். நம் எலும்பு நிறத்துக்கு கேம் கலரின் 72.034 போன் ஒயிட், மாடல் கலரின் 70.976 பஃப், ஆர்மி பெயின்ட்டரின் ஸ்கெலிட்டன் போன் ஆகிய மூன்றையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் டாமியா அக்ரிலிக் ஆல்கஹால் கலவையில் கரைவது என்பதால், நீரில் கரையும் வயேஹோவோடு ஒரே பேலட்டில் (கலவைத் தட்டில்) கலந்தால் திரிந்துபோகும். அதைத் தனியாகவே கையாளுங்கள்.

படி 3: பூசி, காய விட்டு, பிறகு பாருங்கள்

புட்டிக்குள் தெரியும் நிறத்தையும், ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்தையும் நம்ப வேண்டாம். அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல் வெளுத்திருந்து, காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடுவதால், பெரும்பாலான நிறங்கள் காய்ந்தபின் ஒரு படி கருக்கும். ஒரு கெட்டி அட்டையில் பாதிக்குக் கறுப்பு பிரைமரும் (பெயிண்ட் ஒட்டுவதற்கான முதல் பூச்சு) மறுபாதிக்கு வெள்ளை பிரைமரும் அடித்து, புட்டியை நன்றாகக் குலுக்கி, ஒவ்வொரு பெயிண்டையும் இரு பாதிகளின் மேலும் ஒரே பட்டையாக இழுங்கள். முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவது பூசி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். எந்தப் பெயிண்ட் கறுப்பை எத்தனை பூச்சில் மறைக்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

படி 4: துளை வழியே ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. காய்ந்த பட்டையின் நடுவில், காகிதக் கோப்புக்குத் துளை போடும் பஞ்ச் கொண்டு ஒரு துளை இடுங்கள். அட்டையை ஏற்கெனவே தீட்டிய மினியேச்சரின் மேலங்கி போன்ற விரிந்த பகுதியில் படிய வையுங்கள். துளைக்குள் பழைய நிறமும் சுற்றிலும் புதிய நிறமும் தெரியும். துளையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நின்றால், உங்களுக்கு வேண்டிய பெயிண்ட் அதுதான். விளிம்பு தெரிந்தால், உள்ளே இருப்பது வெளுப்பா, கருப்பா, மஞ்சள் கூடியதா, பச்சை கூடியதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இதைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துத்தான் செய்ய வேண்டும். பத்து வீரர் கொண்ட ஓர் அணியில் ஐந்து பேருக்குத் தீட்டி முடித்த நிலையில் புட்டி காலியாகி, மற்ற ஐவருக்கு வேறொரு பெயிண்டை இரவில் எல்இடி விளக்கின் கீழ் ஒப்பிட்டுத் தீட்டினேன். காலையில் பார்த்தபோது புதிய ஐவரின் மேலங்கி மட்டும் தெளிவாகப் பச்சை பாரித்திருந்தது. இருவேறு நிறமிகளால் ஆன இரு பெயிண்டுகள் ஒரு விளக்கில் ஒன்றுபோலவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவது இயல்பு. அதற்குப் பிறகு இரண்டு வெளிச்சத்திலும் பார்க்காமல் நான் எதையும் தீட்டுவதில்லை.

வெளுப்பு, கருப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறச்சாயல் சற்று மாறினால் ஒரு விரலளவு உருவத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். வெளிர்மை மாறினால் மேசைக்கு அப்பால் இருப்பவருக்கும் தெரியும்.

படி 5: மீதி வேறுபாட்டைத் துளிக்கணக்கில் சரிசெய்யுங்கள்

நெருங்கிய மாற்று கிடைத்தபின், பத்துத் துளிக்கு ஒரு துளி என்ற அளவில் திருத்துங்கள். மஞ்சள் கலந்த நிறங்களைக் கருக்க வைக்கக் கறுப்பு சேர்த்தால் அவை பச்சையாகத் திரும்பும். நம் எலும்பு நிறத்துக்குப் பழுப்பே ஏற்றது. சிவப்பை வெளுக்க வைக்க வெள்ளை சேர்த்தால் ரோஜா நிறமாகிவிடும், அங்கே ஆரஞ்சு உதவும். நிறம் பளிச்சென்று இருந்தால் அதன் எதிர்நிறத்தில் ஒரு பொட்டு போதும். ஒவ்வொரு துளிக்கும் புதிய பட்டை இழுத்து, காயவிட்டே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இன்னும் ஓர் உருவமும் தீட்டாதவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அடிநிறம், நடுநிறம், மேல்வெளிச்சம் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் வரிசையிலிருந்து எடுத்து, அவற்றுக்கிடையே உள்ள படிகள் சீராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

படி 6: கலவையைச் சேமியுங்கள்

கலவை சரியாக வந்ததும், அணி முழுவதற்கும் போதுமான அளவை ஒரே முறையில் கலந்து, காலி டிராப்பர் (துளித்துளியாக ஊற்றும்) புட்டியில், குலுக்கும்போது கலக்க உதவும் ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குண்டோடு ஊற்றி வையுங்கள். புட்டியின் மேல் நிறுவனம், எண், துளிக்கணக்கு, தேதி ஆகியவற்றை எழுதி, துளையிட்ட அந்த அட்டையையும் அதோடு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள்.