ஓடாமல் நின்ற பத்மினி காரை மாமல்லபுரம் வரை ஓட்டிச் செல்வது எப்படி?

பழைய கார் வைத்திருப்போர் குழு, ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்வதென்று முடிவெடுத்ததும், மாதக்கணக்கில் நின்றிருக்கும் பிரீமியர் பத்மினியை அன்று விடியலில் செல்ஃப் அடித்துக் கிளப்பிவிடலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். திருவான்மியூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர்தான் என்றாலும், நின்ற காருக்கு அது நீண்ட தூரம். ஆகவே மூன்று வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் சவ்வும் ரப்பர்க் குழாய்களும் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் புதிய பில்டரையும் மாட்டச் சொல்லுங்கள். கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அடுத்தது பிரேக். இதில் மட்டும் சிக்கனமோ அவசரமோ கூடாது. பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்ற கட்டைகள் அழுத்தி நிறுத்தும் வகை. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சுவதால், வண்டி நிற்கும்போது அந்த ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்து பிஸ்டன் இறுகிவிடுகிறது. ஓராண்டு நின்றிருந்த என் காரை இதைப் பார்க்காமல் ஒருமுறை வெளியே எடுத்தேன். பத்துக் கிலோமீட்டருக்குள் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து கருகும் வாடை வந்தது. பெடலை விட்ட பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்க்காமல் நான் வெளியூர் கிளம்புவதில்லை. சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிக் கசிவு உண்டா என்று பாருங்கள், இரண்டு ஆண்டுக்கு மேலான பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பிரேக் பெடலுக்குத் தூரத்திலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி பிரேக் குழாய்களுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடுகள், தேய்ந்திருக்காது. ஆனால் ரப்பருக்கு வயதாகியிருக்கும். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டைத் தொட்ட டயரை, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், கழற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

முழு சார்ஜ் ஏறிய பேட்டரி, சில மணி நேரம் ஓய்ந்த பிறகு, ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் சரிபார்த்தபின், பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கு வரும் சிறிய மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டுச் சில விநாடிகள் செல்ஃப் அடியுங்கள். வறண்ட பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகே எஞ்சின் பற்ற வேண்டும் என்பதே இதன் நோக்கம். பிறகு கம்பியை மாட்டிக் கிளப்புங்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டுக்கு அருகிலேயே 30 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறதென்றால், மேலே சொன்ன பிரேக் கோளாறு இன்னும் தீரவில்லை.

புறப்படும் நாளில் ஃபேன் பெல்ட், பிளக், பாயிண்ட், ஜாக்கி, தீயணைப்பான், ஐந்து லிட்டர் தண்ணீர் ஆகியவற்றோடு பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரம் பிரேக் இன்றைய கார்களின் பிரேக்கைப் போல உடனே பிடிக்காது. ஆகவே குழுவோடு ஒட்டிப் போகும் ஆசையில் முன்காரை நெருங்காதீர்கள். சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது வெப்பமானியைப் பாருங்கள். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் திக்கி நின்றால், ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால்மணி நேரம் காத்திருங்கள்.

மாமல்லபுரத்தில் நிழலில் நிறுத்தியதும் காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். திரும்பி வரும்போது எஞ்சினுக்கு நேர் கீழே இரண்டு சொட்டு ஆயில் விழுந்திருந்தால் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயில் கசிந்திருக்கலாம், காரை அங்கேயே விட்டுவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.