கஃபே ரேசர் கட்டப்போற பொம்பிளைப் பிள்ளையளுக்கு, வன்னி ரோட்டை நினைச்சு

கஃபே ரேசர் எண்டா 1950, 60களில லண்டன் பெடியள் ஏஸ் கஃபேயடியில கூடி மணிக்கு நூறு மைல் தொடவேணும் எண்டு கட்டின பைக், தேவையில்லாத எல்லாத்தையும் கழட்டி ஹாண்டிலைப் பதிச்சு சீற்றை ஒராளுக்குச் சுருக்கினது. பெடியளின்ர சாமான் எண்டு ஆரும் சொன்னா, 1934லயே பியாட்ரிஸ் ஷில்லிங் எண்ட பொம்பிளை எஞ்சினியர் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில நோர்ட்டன் பைக்கில 106 மைல் வேகத்தில சுத்தினவ எண்டு சொல்லுங்கோ, பிறகு ரெண்டாம் உலக யுத்தத்தில விமான எஞ்சின்ர காபரேற்றர் (காத்தையும் பெற்றோலையும் கலக்கிற சாமான்) பிரச்சினையைத் தீர்த்ததும் அவதான்.

எங்கட பக்கம் ஏ9 பெருந்தெரு பரவாயில்லை, ஆனா வீட்டு ஒழுங்கைக்குள்ள இறங்கினா கிரவல், மாரியில சேறு, பொழுதுபட்டா நடுரோட்டில மாடு. அதால படத்தில பாத்ததை அப்பிடியே கட்டாதேங்கோ.

பழைய ஹொண்டா சிடி 125, இல்லாட்டி சுசுகி ஜிஎன் 125 நல்லம், பாரம் குறைவு. வாங்கமுதல் எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் சிஆர் எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தோட சரியா எண்டு பாருங்கோ. உங்கட லைசன்ஸ் ஏ1 எண்டா அது 100 சிசி மட்டுந்தான், 125க்கு ஏ வேணும்.

வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக முதல் உங்கட உடம்பை அளவுங்கோ, இதைத்தான் ஒருத்தரும் செய்யிறேல்ல, பாஸ் தன்ர உயரத்துக்கு வெட்டி வச்சிடுவார். பைக்கில இருந்து ரெண்டு காலின்ர முன்பாதமும் வடிவா நிலத்தில படவேணும். படாட்டி சீற்றின்ர முன்பக்கத்தை ஒடுக்குங்கோ, கால் நேரா இறங்கும். ஸ்பொஞ்சை மெல்லிசாக்கினா உயரம் குறையுந்தான், ஆனா கிரவலில முதுகு முறியும். ஷொக்கை, அதாவது குலுக்கம் தாங்கிற ஸ்பிறிங்கை, கட்டையாக்கிறது எனக்குப் பிடிக்காது, பள்ளத்தில சைலன்சர் இடிக்கும். பிறேமை வெட்டிறதெண்டா பின் ஷொக் பூட்டுற இடத்துக்குப் பின்னால மட்டும் வெட்டுங்கோ, முன்னால கைவைக்க விடவே விடாதேங்கோ. வெல்டிங்குக்கு முதல் பெற்றோல் ரேங்கையும் பற்றரியையும் கழட்டி வெளியில வைக்கவேணும்.

ஹாண்டில்தான் பெரிய விஷயம். கிளிப்-ஓன், அதாவது முன் போர்க்கில ரெண்டு பக்கமும் தனித்தனியாப் பூட்டிற பதிஞ்ச ஹாண்டில், பாக்க வடிவு, ஆனா உடம்புப் பாரம் முழுக்க மணிக்கட்டில இறங்கும், கை கட்டையான ஆக்களுக்கு ரேங்குக்கு மேலால எட்டிப் பிடிக்கிறதே பெரும்பாடு. அதுக்குப் பதிலா பதிஞ்ச நேர் ஹாண்டில் போடுங்கோ. முழங்கை கொஞ்சம் மடிஞ்சு நிக்கவேணும், அதுதான் அளவு. பூட்டினபிறகு ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கோ, விரல் ரேங்கில நசியக்கூடாது. எஞ்சினை ஸ்ராட் பண்ணி நியூற்றலில விட்டுட்டுத் திருப்பேக்க சத்தம் தானா ஏறினா அக்சிலேற்றர் கேபிள் இழுபடுது, அதைச் சரிசெய்யாம ரோட்டில இறக்காதேங்கோ. கிளச் லீவரையும் விரல் எட்டிற மாதிரி திருப்பி வையுங்கோ.

ஏயர் பில்ரர் பெட்டியைக் கழட்டிப்போட்டு சின்ன கோன் பில்ரர் பூட்டிற பாஷன் எங்கட புழுதிக்குச் சரிவராது. காத்துக் கூடப் போனா காபரேற்றருக்குள்ள பெற்றோல் வாற மெயின் ஜெற்றும் மாத்தவேணும், மாத்தாட்டி எஞ்சின் கொதிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, வெள்ளையா இருந்தா பெற்றோல் காணாது, கரியா இருந்தா பெற்றோல் கூடிப்போச்சு, பால்தேத்தண்ணி நிறமெண்டா சரி. யுத்தகாலத்துப் பெற்றோல் தடையில மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓட்டின ஊர் இது, காபரேற்றர் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணைமாருக்குக் குறைவில்லை.

செயின் கவரைக் கழட்டவேண்டாம். லண்டன் பெடியள் ஷோல் போடேல்ல, நாங்கள் போடுறம், சில்லுக்குள்ள போனா கழுத்தோட இழுக்கும். ஓடேக்க ஷோலைக் கழட்டி ஹாண்ட்பாக்குக்குள்ள வைக்கிறதுதான் இன்னும் நல்லம். பின் மட்கார்ட்டையும் விடுங்கோ, இல்லாட்டி மாரியில முதுகு முழுக்கச் சேறு. வடிவுக்கெண்டு குட்டி ஹெட்லைற் போடாதேங்கோ, கறுப்பு மாடு கிட்டப் போனாப்பிறகுதான் தெரியும்.

ரேங்கின்ர நிறம் மாத்தினா சிஆரிலயும் மாத்தவேணும். சைலன்சரை வெட்டினா பொலிஸும் மறிப்பான், புகைப் பரிசோதனையிலயும் கரைச்சல்.

எல்லாம் முடிய கிளிநொச்சியில இருந்து முறிகண்டிவரை மெதுவா ஒருக்கா ஓடுங்கோ. பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சான் வாங்கிற நேரத்தில ஹாண்டில், சீற், ஷொக் நட்டுகளை ஸ்பானரால இறுக்கிப் பாருங்கோ, புது வேலையில முதல் ஓட்டத்திலதான் நட்டு இளகும்.