அப்பா மிச்சம் வைத்த வரி விலக்கை அம்மாவின் கணக்கில் சேர்ப்பது

பிரித்தானியாவில் ஒருவர் இறந்தால் சொத்தில் முதல் 325,000 பவுண்டுக்கு வாரிசு வரி இல்லை, அதற்கு மேல் 40 வீதம். கணவன் மனைவிக்கு விட்டுப் போவதற்கு வழக்கமாக வரியே கிடையாது. அதனால் முதலில் போனவரின் விலக்கு அப்படியே மிஞ்சும். இரண்டாமவர் 9 அக்டோபர் 2007 அன்றோ அதற்குப் பிறகோ இறந்திருந்தால் அந்த மிச்சத்தை அவருடைய கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அது தானாக வந்து சேராது. நாங்கள்தான் கேட்க வேண்டும்.

எங்கட அப்பா 2002 நவம்பரில் காலமானார். அப்போது விலக்கு 250,000 பவுண்டுதான். யாழ்ப்பாணத்தில் இருந்த சித்தப்பாவுக்கு 50,000 எழுதிவிட்டு மீதியெல்லாம் அம்மாவுக்கு. "அப்ப 200,000 மிச்சம், அதைக் கூட்டினால் சரிதானே?" என்றான் தம்பி. இல்லை. மிஞ்சுவதை வீதத்தில்தான் பார்ப்பார்கள். அப்பா பயன்படுத்தியது 20 வீதம், மிச்சம் 80. அம்மா இறந்தபோது இருந்த 325,000-இல் 80 வீதம் 260,000. இரண்டும் சேர்த்து 585,000.

இந்த வீதத்தைக் காட்டத்தான் பழைய கடதாசிகள் வேண்டும்: முதலில் இறந்தவரின் மரணச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், உயில், பிரபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி) எடுத்திருந்தால் அதன் பிரதி. பிரபேட் பதிவான உயிலின் பிரதியை அரசாங்க இணையத்தளத்தில் காசு கட்டி எடுக்கலாம், அலுமாரியைக் குடைய வேண்டியதில்லை. இறப்பதற்கு முந்தைய 7 வருசத்தில் பெரிய தொகை யாருக்கும் கொடுத்தாரா என்றும் விசாரியுங்கள். அதுவும் விலக்கைத் தின்னும்.

வீடு யார் பெயரில், எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள். கூட்டாக, ஒருவர் போனால் மற்றவருக்கு என்று இருந்தால் அப்பாவின் பாதி நேரே அம்மாவுக்குப் போய்விடும், விலக்கில் கை வைக்காது. தனித்தனிப் பங்காக இருந்து அவர் தன் பாதியைப் பிள்ளைகளுக்கு எழுதியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ வீடு போனால் இன்னொரு 175,000 வரை விலக்கு உண்டு. இது 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஆனாலும் அதற்கு முன் இறந்தவரின் பங்கையும் கேட்கலாம், சொத்து மிகப் பெரிதாக இல்லாவிட்டால் முழுசாகவே கிடைக்கும். எங்களுக்கு அப்படி 350,000 கூடி மொத்தம் 935,000 ஆனது. சொத்து 20 லட்சம் பவுண்டைத் தாண்டினால் இந்த வீட்டு விலக்கு குறைந்துகொண்டே போகும். அக்கா தங்கையின் பிள்ளைகளுக்கு எழுதிய வீட்டுக்கு இது பொதுவாகக் கிடையாது.

வீட்டு விலக்கும் வேண்டுமென்றால் ஐஎச்டி 400 என்ற பிரதான படிவத்தோடு 402, 435, 436 மூன்றையும் நிரப்புங்கள். 402 சாதாரண மிச்சத்துக்கு, 436 வீட்டு விலக்கின் மிச்சத்துக்கு. 402-இல் முதலில் இறந்தவர் யார் யாருக்கு எவ்வளவு விட்டார் என்று கேட்பார்கள், அங்கே அவசரப்படாதீர்கள்.

ஒரு விசயம் எங்கட சனத்துக்கு: இங்கே கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டவர்களைச் சட்டம் கணவன் மனைவியாகப் பார்ப்பதில்லை. எத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்தாலும் இந்தச் சலுகை இல்லை.

கோருவதற்குக் கெடு, இரண்டாமவர் இறந்த மாத முடிவிலிருந்து 2 வருசம். ஆனால் வரி ஏதும் வந்தால் அதைக் கட்டும் கெடு 6 மாதம்தான், பிந்தினால் வட்டி ஏறும். ஆகவே 2 வருசம் இருக்கிறதே என்று படிவங்களைத் தள்ளிப் போடாதீர்கள்.